வீட்டுத் தோட்டக் குட்டையைக் கோடையில் வற்ற விடலாமா?

குட்டைக்காரர் (திருச்சிராப்பள்ளி):

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத்தில், மீன் வளர்ப்பதற்காக அல்லாமல், தாமாக வந்து சேரும் உயிர்களுக்காகவே ஒரு குட்டை வைத்திருக்கிறேன். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நடுப்பள்ளத்தில் 60 செண்டிமீட்டர் ஆழம். பண்ணைக்குட்டைகளில் விரிக்கும் சில்பாலின் என்னும் பிளாஸ்டிக் விரிப்பை அடியில் விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல் மண் போட்டிருக்கிறேன். கரையோரம் கோரையும் வல்லாரையும் நீர்ப்பிரமியும், உள்ளே அல்லியும் கொட்டியும் இருக்கின்றன.

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும் இரவில் இந்தக் குட்டை தரும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம். எங்கிருந்தோ வந்த பெருந்தவளைகள் உடலெங்கும் மஞ்சளாகி, தாடையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்க, விடிய விடியக் கத்தும். விடிந்து பார்த்தால், கறுப்பு மணிகள் கோத்த கண்ணாடிச் சரங்களைப் போன்ற தேரை முட்டைகள் கோரைத் தண்டுகளில் சுற்றிக் கிடக்கும். தண்ணீருக்கு மேலே சாய்ந்த கல்வாழை இலையில் மரத்தவளை வெள்ளை நுரைக்கூடு கட்டியிருக்கும். சில நாளில் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் சொட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

துயரமும் அதே அளவுக்கு உண்டு. தண்ணீர்ப்பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் ஓலத்தை ஒருமுறை கேட்டவருக்கு அன்றிரவு உறக்கம் வராது. ஆயிரக்கணக்கான தலைப்பிரட்டைகளில் கால் முளைத்துக் கரையேறுபவை மிகச் சில. அவற்றிலும் பலவற்றைச் செண்பகமும் பூனையும் மடையானும் கொண்டுபோய்விடுகின்றன. இதையெல்லாம் இயற்கையின் கணக்கு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டுவிடலாம். என்னால் தேற்றிக்கொள்ள முடியாதது பங்குனி, சித்திரை மாதங்கள்தாம். கத்திரி வெயிலில் நாளொன்றுக்கு 6 அல்லது 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 6 சதுர மீட்டர்ப் பரப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு அந்த மாதங்களில் எங்களுக்கே போதாது. ஊற்றாமல் விட்டால் குட்டை வற்றி உயிர்கள் மாயும். ஊற்றினால் வீட்டில் கேள்வி எழுகிறது. அனுபவம் உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

நீர்த்தேள் (கோயம்புத்தூர்):

வற்ற விடுங்கள் ஐயா. விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கொஞ்சம் நீட்டியே விளக்குகிறேன்.

தோட்டக் குட்டை பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. நம் ஊர்க் குட்டைகளோ மழையில் நிரம்பி, மாசி பங்குனியில் சேறாகி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிப்பவை. இங்குள்ள நீருயிர்கள் அந்தச் சுழற்சிக்குப் பழகியவை. பெருந்தவளை மண்ணுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழைவரை காத்திருக்கும். தேரை ஏதாவது ஒரு கல்லின் அடியில் ஒண்டிக்கொள்ளும். நீரின்மேல் தத்தித் தத்திப் பாயும் சிறு தவளை, இரவில் நடந்தே வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். மல்லாந்து நீந்தும் பூச்சிகளும், முட்டைகளை ஆணின் முதுகில் சுமக்கும் நீர்ப்பூச்சிகளும் சிறகுள்ளவை. தண்ணீர் குறையத் தொடங்கியதும் பறந்துவிடும். வற்றிய குளத்தை விட்டுப் பறவை போகும், கொட்டியும் ஆம்பலும் போகா என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? கிழங்கு காய்ந்த மண்ணுக்குள் உறங்குவதைக் கண்ணால் கண்டவர்தாம் அப்படிப் பாடியிருக்க முடியும்.

தட்டான்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வயல்வெளியின்மேல் கூட்டங்கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தட்டானுக்கு அறிவியலார் வைத்த பெயர் பாண்டலா ஃபிளேவசென்ஸ். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து, அது கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்னும் கருத்தை, மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் விரிவாக முன்வைத்தார். அவ்வளவு தொலைவு பறக்கும் பூச்சி முட்டையிடத் தேடுவது, மழையில் புதிதாகத் தேங்கிய, சில வாரங்களில் காய்ந்துவிடப்போகும் தண்ணீரை. அங்கே மீன் இருக்காது என்பதே காரணம். அதன் இளம்புழு இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து சிறகு விரித்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் குட்டையில் நாளடைவில் பெரிய கொன்றுண்ணிகள் தங்கிப் பெருகுகின்றன. தலைப்பிரட்டைகள் அவற்றுக்கு இரையாகின்றன. கோடை ஆண்டுதோறும் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாக எழுதுகிறது.

இனி, நீங்கள் ஊற்றும் தண்ணீரைப் பற்றி. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று கொள்வோம். நம் மாவட்டங்கள் பலவற்றில் இது வியப்பான அளவன்று. தினமும் 40 லிட்டர் ஊற்றினால் 60 கிராம் உப்பு சேர்கிறது, இரண்டு மாதத்தில் 3.6 கிலோ. உங்கள் குட்டையின் கொள்ளளவு சுமார் 2,000 லிட்டர் இருக்கும் என்று மதிப்பிடுகிறேன். ஆகவே வைகாசி பிறக்கும்போது உப்பு இரு மடங்கைத் தாண்டியிருக்கும். கரையோரக் கற்களில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதா என்று பாருங்கள். தவளைத் தோல் நீரையும் உப்பையும் ஊடுருவ விடுவது என்பதால், அதைக் காப்பதாக எண்ணி நாம் ஊற்றும் தண்ணீரே அதற்குக் கேடாகலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளும் நீரை வீணாக்க மனமில்லாமல் குட்டையில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் மிகுதி, தயவுசெய்து விடாதீர்கள்.

மாடித்தோட்டம் (சென்னைப் புறநகர்):

நீர்த்தேள் ஐயா சொல்வது நாட்டுப்புறத்துக்குப் பொருந்தலாம். நகரத்தில் குட்டை வைத்திருப்பவளின் முதல் துயரம் கொசு. அதாவது, கொசுவைக் காட்டிலும் கொசுவைப் பற்றிய பேச்சு. தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டாலே அக்கம்பக்கத்தார் முகம் மாறுகிறது. ஒரு மழைக்காலத்தில், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்தவர்கள் குட்டையில் மருந்தைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தட்டான் புழுக்களும் நீர்ப்பூச்சிகளும் செத்து மிதந்தன. மருந்தின் வேகம் தணிந்ததும் அடுத்த தலைமுறைக் கொசுப்புழுக்கள், தின்ன ஆளில்லாத தண்ணீரில் நிம்மதியாக நெளிந்தன. அந்தப் பணியாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, டெங்கு பரவும் மாதங்களில் ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஆனால் பெயிண்ட் டப்பாவில் தேங்கிய தண்ணீரும் உயிருள்ள குட்டையும் ஒன்றல்ல என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது வருகிறவர்களுக்கு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் குட்டைத் தண்ணீரை மொண்டு காட்டுகிறேன். தாடையை நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வும் தட்டான் புழுவை நேரில் பார்த்த பிறகு எவரும் மருந்து கொட்டியதில்லை.

என் கேள்வி இதுதான் ஐயா. வற்றவிட்ட குட்டை மழையில் மீண்டும் நிரம்பும்போது கொசுவைத் தின்னும் பூச்சி ஒன்றுகூட அதில் இராது. கொசு இரண்டாம் நாளே முட்டையிட்டுவிடும், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு வெயில் நாளில் ஏழெட்டு நாள் போதும். அந்த இடைவெளிக்கு நான் அக்கம்பக்கத்தாருக்கு என்ன பதில் சொல்வது?

காவேரிக்கரை (ஈரோடு):

கப்பி மீன் பத்து விடுங்கள், அல்லது சுகாதாரத் துறையினரிடம் கேட்டுக் கம்பூசியா வாங்கி விடுங்கள். கொசுவும் போகும், பார்க்கவும் அழகாக இருக்கும். இதற்கு ஏன் இவ்வளவு நீண்ட விவாதம் என்று எனக்கு விளங்கவில்லை.

நீர்த்தேள் (கோயம்புத்தூர்):

நீண்ட விவாதம் தேவைப்படுவதே அந்த மீனால்தான் நண்பரே. கம்பூசியா அமெரிக்காவிலிருந்து வந்தது. கொசு ஒழிப்புக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பி தென்னமெரிக்க மீன். கம்பூசியா தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் கொறிக்கும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிர்களின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. மூடிய கிணற்றிலோ தொட்டியிலோ விடுவது வேறு. மழையில் நிரம்பி வழியும் குட்டையில் விட்டால் வடிகால் வழியே ஏரி வரை போய்விடும். மீன் இல்லாமல் ஆகாது என்பவர்கள், நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்தாற்போல் ஒளிரும் அப்ளோகைலஸ் வகைச் சிறு மீன்களைத் தேடலாம். நம் வாய்க்கால்களிலேயே வாழ்பவை அவை, நீர்மட்டத்தில் திரிந்து கொசுப்புழுவைத் தின்னும். ஆயினும் தவளைக்கும் தட்டானுக்கும் என்று வைத்த குட்டையில் மீனே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

மாடித்தோட்டம் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் நுண்ணுயிரியால் ஆன மருந்தைப் பொட்டலத்தில் குறித்த அளவுக்குத் தூவுங்கள். கொசுப்புழுவின் குடலில் மட்டும் அது நஞ்சாகும்; அதற்கு நெருங்கிய சில ஈ இனங்களைத் தவிர மற்றவற்றைத் தொடாது, தலைப்பிரட்டைக்கும் தட்டான் புழுவுக்கும் கேடில்லை. அதற்குள் மல்லாந்து நீந்தும் பூச்சிகள் பறந்து வந்து சேர்ந்துவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி ஒரு சொல். செங்குத்தான சுவருள்ள சிறு கலன்களே அதற்கு விருப்பம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரின் ஈரத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. ஆகவே சரிவான மண் கரையுள்ள குட்டையைவிட, அதன் பக்கத்தில் நீங்கள் அழகுக்கு வைத்திருக்கும் சிமெண்டுத் தொட்டியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

நாஞ்சிலான் (நாகர்கோவில்):

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வற்ற விடுவது என்ற முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் பகுதிக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் குட்டை தானாக வற்றுவதில்லை. அது என் நற்பேறு. ஆனால் என் மறுப்பு அதைச் சார்ந்ததன்று. தண்ணீர் குறைந்தால் தவளை வேறு நீர்நிலைக்கு நடந்துபோகும், பூச்சி பறந்துபோகும் என்கிறீர்கள். எங்கே போகும்? ஒரு குட்டை வற்றினால் அடுத்த தெருவில் ஊருணி இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் கேணி இருந்தது, வாய்க்காலில் கசிவு இருந்தது. அந்த ஏற்பாடு இருந்த காலத்தில்தான் உங்கள் சுழற்சி சரியாக நடந்தது. இப்போது கேணியைத் தூர்த்து அதன்மேல் வாகனம் நிறுத்துகிறோம். நாற்புறமும் மதிலும் தார்ச்சாலையும் உள்ள தெருவில், வற்றிய குட்டையை விட்டு இரவில் கிளம்பும் தவளை காலையில் சாலையில் நசுங்கிக் கிடக்கிறது.

பறவைகளையும் எண்ணிப் பாருங்கள். சித்திரையில் என் குட்டைக்கு வருபவை மழைக்காலத்தில் வருபவற்றைவிட மிகுதி. சின்னானும் தவிட்டுக்குருவியும் கூட்டமாய்க் குளிக்கின்றன. தேனீக்கள் அல்லி இலையின் விளிம்பில் வரிசையாக அமர்ந்து நீர் எடுக்கின்றன. வெண்மார்பு மீன்கொத்தி மின்கம்பியில் காலை முழுவதும் காவல் இருக்கிறது. கானாங்கோழி ஒன்று கோரைக்குள் குஞ்சு பொரித்து, கரிக்கட்டை நிறத்தில் நாலைந்து குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்த நாளில் எங்கள் வீட்டில் எவரும் தோட்டப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்க நடக்கவில்லை.

உப்புக் கணக்கை ஏற்கிறேன். அதற்கு விடை மழைநீர். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பலருடைய வீட்டில் அது எங்கே போகிறது என்பது மட்டும் தெரியாது. கார்த்திகை மழையில் ஒரு நிலத்தடித் தொட்டி நிறையச் சேர்த்துவைத்தால் கோடையில் குட்டையின் நடுப்பள்ளத்தையாவது காப்பாற்றிவிடலாம்.

வேம்படி (சேலம்):

குட்டை வெட்டலாம் என்று குழி அளவெடுத்துவிட்டு இந்த இழையைப் படித்தவள் நான். முதல் பதிவிலேயே தண்ணீர்ப்பாம்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும், இரவில் எழுந்து நடக்கும் மாமியாரும் இருக்கிறார்கள். தவளை வந்தால் பாம்பு வரும் என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே நுணலின் வாயால் நாங்கள் கெட்டுவிடுவோமோ என்று அச்சமாக இருக்கிறது. பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

குட்டைக்காரர் (திருச்சிராப்பள்ளி):

பூசி மெழுகாமல் சொல்வதென்றால், உங்கள் மாமியார் சொல்வது சரி அம்மா. எங்கள் குட்டைக்கு அடிக்கடி வருவது கட்டம் போட்ட உடல்கொண்ட தண்ணீர்ப்பாம்பு. அதற்கு நஞ்சில்லை, ஆனால் சீண்டினால் சளைக்காமல் கடிக்கும். சாரை வரும், எலியைத் தின்னும், அதுவும் நஞ்சற்றது. நல்ல பாம்பும் தவளை தேரைகளைத் தின்பதுதான், வராது என்று நான் உறுதி கூற மாட்டேன். கண்ணாடி விரியனை இழுப்பது தண்ணீரைவிட எலியும் குப்பைமேடும்தாம்.

நாங்கள் கடைப்பிடிப்பவை எளியவை. குட்டையைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் புல்லைக் கட்டையாக வெட்டி வைக்கிறோம். விறகு, ஓடு, செங்கல் எதையும் அங்கே அடுக்குவதில்லை. குட்டை வீட்டு வாசலிலிருந்து தள்ளி இருக்கிறது. இருட்டிய பிறகு டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவது என்பதை வீட்டில் எல்லாரும் அறிவார்கள்.

உண்மையில் உங்கள் வீட்டுக்குப் பாம்பைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர்தான். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு சாண் ஆழம் போதும், ஒரு நிமிடக் கவனக்குறைவு போதும். குழந்தை வளரும்வரை குட்டை வேண்டாம் என்பேன். வைத்தே ஆக வேண்டுமென்றால், நீர்மட்டத்துக்கு மேலே பெரியவர் ஒருவரின் எடை தாங்கும் கம்பிவலை பொருத்தி, சுற்றிலும் பூட்டுள்ள வேலி போட்டுவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வலையின் கண் தவளை நுழையும் அளவுக்கு இருக்கட்டும்.

தேம்ஸ்கரை (லண்டன்):

குளிர்நாட்டுக் குறிப்புகளைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இங்கு என் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு சிறு குட்டை உண்டு. மாசி மாத வாக்கில், தோட்டத்தில் இன்னும் உறைபனி விழுந்துகொண்டிருக்கும்போதே, தவளைகள் வந்து முட்டைக் கட்டிகளை இட்டுவிட்டுப் போய்விடும். பிந்திய பனியில் மேலே மிதக்கும் முட்டைகள் வெளுத்துப்போவது எங்கள் துயரம். ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும்: கோடையில் நீர்மட்டம் இறங்குவதை இங்குள்ள நன்னீர் வல்லுநர்களும் இயல்பானதாகவே கருதுகிறார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதிலுள்ள ஊட்டச்சத்து பாசியைப் பெருக்கும், மழைநீரை மட்டும் விடுங்கள் என்பதே இங்கும் அறிவுரை. எப்போதும் விளிம்புவரை நிறைந்து தளும்ப வேண்டும் என்பது அழகுக்குளம் விற்பவர்கள் பரப்பிய எண்ணம் என்று தோன்றுகிறது.

நீர்த்தேள் (கோயம்புத்தூர்):

நாஞ்சிலான் கேட்ட “எங்கே போகும்” என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அது என் வாதத்தின் வலுவற்ற இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுற்றிலும் நீர்நிலையே இல்லாத தெருவில் நடுப்பள்ளத்தை மட்டும் மழைநீரால் காப்பாற்றிக்கொண்டு, மேல்படிகளைக் காயவிடுவது சரியாக இருக்கும். காயும் சேற்றில் காற்றுப் புகுந்து அழுகல் மக்குவதும் நன்மைதான். மேலும் 30 பாகை வெப்பமுள்ள நீரில், முழுதாகக் கரைந்தாலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் உயிர்வளி (ஆக்சிஜன்) நிற்கும். வேப்பிலை உதிர்ந்து அழுகும் மாதங்களில் விடியற்காலையில் அதுவும் இராது. குறைந்த தண்ணீரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இலைகளை அரித்து எடுத்துவிட வேண்டும், பாதிப் பரப்புக்காவது ஓலை நிழல் கொடுக்க வேண்டும்.

குட்டைக்காரர் (திருச்சிராப்பள்ளி):

எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோமீட்டரில் வாய்க்காலும், அதற்கப்பால் வயலும் இருக்கின்றன. இடையில் பெரிய சாலை இல்லை. எனவே இந்த ஆண்டு பங்குனி முதல் தண்ணீர் விடுவதை நிறுத்தப்போகிறேன். பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் இரண்டு மண்சட்டிகள் வைத்து, கொசு பிடிக்காமலிருக்கத் தினமும் நீர் மாற்றுவேன். மேலே படிந்த வண்டலைக் கொஞ்சம் வாரிக் கத்தரிப் பாத்திக்குப் போடலாம் என்றிருக்கிறேன். இரண்டு ஐயங்கள்: அல்லிக் கிழங்கைத் தோண்டி எடுத்துவைக்க வேண்டுமா? சில்பாலின் வெயிலில் என்ன ஆகும்?

நீர்த்தேள் (கோயம்புத்தூர்):

கிழங்கைத் தோண்ட வேண்டாம். மண் கல்லாக இறுகுவதுபோல் தெரிந்தால் வாரத்துக்கு ஒரு குடம் மழைநீர் தெளித்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். வண்டலை வாரும்போது மண்வெட்டி வேண்டாம், கையால் அள்ளுங்கள். உள்ளே தவளை புதைந்திருக்கும். சில்பாலினுக்கு வெயில் பகை. மண்மூடாமல் விளிம்பில் தெரியும் பகுதி ஓரிரு கோடையில் நொறுங்கத் தொடங்கும், எலியும் கடிக்கும். ஆகையால் எங்கும் விரிப்பு வெளியே தெரியாதபடி நாலு விரற்கடை மண்ணாவது இருக்க வேண்டும். விளிம்பை மடித்துப் புதைத்து, அதன்மேல் பொன்னாங்கண்ணியைப் படரவிடுங்கள். ஆகாயத்தாமரையைப் பச்சைக்காக யார் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள்.